எந்தக் கடதாசியைக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் வீதி, காணி, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பற்றியவை. எழுதியவர்களின் பெயரை விட்டு, பிரதேசத்தை மட்டும் போட்டிருக்கிறோம். பதில்களுக்கு அடிப்படை இலங்கையின் இரண்டு சட்டங்கள்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம்.

கேள்வி: எங்கள் ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுத்துப் போட்ட 200 மீற்றர் கொங்கிரீட் வீதி ஒரு மாரிக்குள்ளேயே வெடித்துவிட்டது. சங்கத்தைக் கேட்டால், "டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) பார்த்துத்தான் காசு விட்டவர்" என்கிறார்கள். பிரதேச செயலகத்தில், "உங்கட சங்கம்தானே போட்டது" என்கிறார்கள். யாரைக் கேட்பது? – துணுக்காய்

பதில்: ஆளைக் கேட்டால் இப்படித்தான் பந்து அங்கும் இங்கும் போகும். கடதாசியைக் கேளுங்கள். சங்கம் வேலை செய்தாலும் ஒப்பந்தமும் கொடுப்பனவும் பிரதேச செயலகத்தின் கோப்பில் இருக்கும். ஆகவே விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். வேலை பிரதேச சபையினது என்றால் சபைக்கு.

"ஏன் வீதி வெடித்தது?" என்று எழுத வேண்டாம். சட்டம் தருவது அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே உள்ள பதிவுகளை. விளக்கம் எழுதித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. "ஏன்" என்று தொடங்கும் விண்ணப்பங்கள் "இது தகவல் அல்ல" என்று திரும்பி வருவது அதனால்தான். இப்படி எழுதலாம்:

"இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்ன வீதிக்கு இன்ன ஆண்டில் நடந்த கொங்கிரீட் வேலை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைத் தமிழில் கோருகிறேன்: மதிப்பீடும் பி.ஓ.கியூ. எனப்படும் அளவு விலைப் பட்டியலும், ஒப்பந்தம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுத் தாள்கள், கொங்கிரீட் கட்டிகளின் அழுத்தப் பரிசோதனை அறிக்கை, எல்லாக் கொடுப்பனவு வவுச்சர்களும், வேலை முடிவுச் சான்றிதழ், பிடித்து வைத்த பணம் விடுவிக்கப்பட்டதா என்பதைக் காட்டும் பதிவு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை ஒப்பந்தத் தொகையின் ஒரு பங்கைப் பிடித்து வைப்பது வழக்கம். அந்தப் பணம் இன்னும் விடப்படவில்லை என்றால், சங்கத்தையோ ஒப்பந்தக்காரரையோ திரும்பக் கூப்பிட்டுத் திருத்துவிக்க வழி இருக்கிறது. விட்ட பிறகு அது மிகவும் கடினம்.

பட்டியல் கைக்கு வந்ததும் நாடாவை எடுங்கள். 200 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் கொங்கிரீட் 90 கன மீற்றர். 100 மில்லிமீற்றர்தான் போட்டார்கள் என்றால் 60. சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவையில் ஒரு கன மீற்றருக்கு 50 கிலோ பை ஆறே கால் அளவில் போகும். அந்த 30 கன மீற்றர் வித்தியாசம் சீமெந்தில் மட்டும் கிட்டத்தட்ட 190 பை. கிரவல் வீதிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் கிரவல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். இறுக்கிய 90 கன மீற்றருக்கு உதிரியாக நாலில் ஒரு பங்குவரை கூடுதலாக வேண்டும். ஏறக்குறைய 40 கியூப். எத்தனை டிப்பர் வந்தது என்று வேலை நடக்கும்போதே ஒருவர் கொப்பியில் குறித்து வைத்தால், பிற்பாடு வவுச்சரோடு ஒப்பிடலாம்.

அளக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீதியின் ஓரத்தில் பலகை அடித்துக் கொட்டுவதால் ஓரத் தடிப்பு எப்போதும் சரியாகவே இருக்கும். நடுவில் கிரவலை மேடாக விட்டுக் கொங்கிரீட்டைக் குறைப்பதுதான் வழக்கமான கள்ளம். ஓரத்தை மட்டும் அளந்து திருப்திப்படவும் வேண்டாம், ஓரத்தை வைத்து ஒருவரைக் கள்ளன் என்று சொல்லவும் வேண்டாம். நடுவில் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்க்கும்படி பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலைகளைப் பார்வையிடுவதும் பொருள்களின் மாதிரி பெறுவதும் தகவல் உரிமைக்குள் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. வெடித்ததெல்லாம் ஊழல் அல்ல. வீதிக்குக் குறுக்கே, ஓரளவு சம இடைவெளியில் நேராக வெடித்தால், நாலைந்து மீற்றருக்கு ஒன்றாக வெட்ட வேண்டிய மூட்டு வெட்டப்படவில்லை, அல்லது பிந்தி வெட்டப்பட்டது. சிலந்திவலை போல நுண்ணிய வெடிப்பு என்றால், முதல் ஏழு நாள் தண்ணீர் விட்டு ஈரச் சாக்குப் போட்டு வைக்கவில்லை. வன்னி வெயிலில் இது மிகச் சாதாரணம். மேற்பரப்பு மாவாக உதிர்ந்தால் கலவையில் தண்ணீர் கூடிவிட்டது. ஓரம் உடைந்து விழுந்தால் தோள்பட்டைக்கு, அதாவது கொங்கிரீட்டை ஒட்டிய இரு பக்கத்துக்கும், மண் நிரப்பவில்லை. இவை கவனயீனம். தடிப்புக் குறைவும் சீமெந்துக் குறைவும்தான் பணம் எங்கோ போனதற்கான அடையாளம். இரண்டையும் கலந்து முறைப்பாடு எழுதினால் பதில் சொல்பவருக்குத் தப்புவது சுலபம்.

கேள்வி: விண்ணப்பத்தைக் கொண்டுபோனால், "தகவல் அலுவலர் லீவு, பிறகு வாங்கோ" என்கிறார்கள். ஒருமுறை வாங்கி வைத்தார்கள். பற்றுச்சீட்டு தரவில்லை, பதிலும் இல்லை. – புதுக்குடியிருப்பு

பதில்: கையில் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெறுநர் இடத்தில் ஆளின் பெயர் வேண்டாம். "தகவல் அலுவலர்" என்று பதவியைப் போடுங்கள். ஆள் மாறினாலும் லீவில் நின்றாலும் கடிதம் அலுவலகத்துக்கே போய்ச் சேரும். தபாற் பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் பிரதியையும் ஒரே உறையில் வையுங்கள். தகவல் அலுவலர் நியமிக்கப்படவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். "இங்கே அப்படி ஒருவர் இல்லை" என்ற பதிலுக்கு இடமே இல்லை. அவர் யார், மேன்முறையீட்டுக்கு யார், கட்டணம் எவ்வளவு என்பதை அலுவலகத்தில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டியதும் சட்டக் கடமை.

ஆர்.ரி.ஐ. (தகவல் அறியும் உரிமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 01 என்று ஒரு படிவம் உண்டு. அது இருந்தால் வசதி. இல்லையென்றால் வெள்ளைத் தாளில் எழுதிய கடிதமும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அலுவலரின் வேலை. காரணம் கேட்டால் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் சிபாரிசு என்று கேட்டு அலைக்கழித்தால், தொடர்புகொள்வதற்குத் தேவையானதைத் தவிர வேறு தனிப்பட்ட விபரம் கேட்க முடியாது என்று 24ஆம் பிரிவு சொல்வதை எழுதி அனுப்புங்கள்.

இனி நாட்கணக்கு. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவுக்கு 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா, விடுமுறை கழித்தால் ஏறத்தாழ மூன்று வாரம். ஆவணம் மிக அதிகம் என்றாலோ வேறிடத்தில் கேட்க வேண்டியிருந்தாலோ காரணம் அறிவித்து மேலும் 21 நாள்வரை நீட்டலாம். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால், மௌனமாக இருந்தால், அரைகுறையாகத் தந்தால், கட்டணத்தைக் கூட்டிக் கேட்டால் அந்த நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதற்குப் படிவம் ஆர்.ரி.ஐ. 10. அவருக்கு மூன்று வாரம். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. அங்கே, தாங்கள் சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் பாரம் அலுவலகத்தின் தலையில். உங்கள் தலையில் அல்ல.

பதில் வரும் வரும் என்று ஆறு மாதம் காத்திருந்துவிட்டு ஆணைக்குழுவுக்கு எழுதுபவர்கள் இடையிலுள்ள படியைத் தாண்டி விடுகிறார்கள். விண்ணப்பம் அனுப்பிய அன்றே நாட்காட்டியில் நாளைக் குறித்துவிடுங்கள்.

செலவு சொற்பம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 2017 வர்த்தமானி விதிகளில் ஏ4 பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, இரு பக்கத்துக்கு 4 ரூபா. நீங்கள் கொடுக்கும் பென்டிரைவில் ஏற்றித் தர 20 ரூபா.

கேள்வி: "உங்கட கோப்பு யுத்தத்தில் அழிஞ்சுபோச்சு" என்று காணிக் கிளையில் சொல்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது? – கரைச்சி

பதில்: உண்மையாகவே அழிந்த கோப்புகள் வன்னியில் ஏராளம். அதனாலேயே இது மிகச் சுலபமான பதிலாகவும் போய்விட்டது. 2009க்குப் பிறகு மீள்குடியேறி, அதன்பின் கொடுத்த விண்ணப்பத்துக்கும் இதே பதில் வருவதாக எழுதுகிறார்கள்.

முதலில் அந்த வாய்ப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: "எனது காணிக் கோப்பு உங்கள் வசம் இல்லை என்றால் அதை எழுத்தில் அறியத் தரவும், எந்த ஆண்டு, எந்த அறிக்கையின்படி அழிந்ததாகப் பதியப்பட்டது என்பதற்கான ஆவணத்தின் பிரதியும் வேண்டும்." எழுத்தில் தரவேண்டும் என்றதும் கோப்பு தட்டுப்படுவதும் உண்டு. தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. அன்று இருந்த பதிவுகளைக் குறைந்தது 10 ஆண்டும், அதன்பின் உருவானவற்றை 12 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். தகவல் கொடுக்காமல் இருப்பதற்காகவே பதிவை அழிப்பது குற்றம்.

கோப்பு உண்மையிலேயே இல்லையென்றால் அதன் நிழல் வேறு இடங்களில் இருக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரப் பதிவேட்டையும் காணி ஆணையாளர் பக்கத்துப் பதிவையும் கேளுங்கள். அளிப்புப் பத்திரம் என்றால் காணிப் பதிவகம். அளந்த காணி என்றால் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒரே கடிதத்தில் எல்லாரையும் கேட்க வேண்டாம்.

கேள்வி: வன இலாகா எங்கள் வயலுக்குள் எல்லைக்கல் நட்டிருக்கிறது. கேட்டதற்கு வந்த பதில் முழுக்கச் சிங்களம். – மாந்தை கிழக்கு

பதில்: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் அரச நிறுவனங்களின் நிர்வாக மொழியும் பதிவேட்டு மொழியும் தமிழ். திணைக்களத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு இது பொருந்தும். விண்ணப்பத்திலேயே "தமிழில்" என்று எழுதியிருந்தால் மேன்முறையீட்டில் உங்கள் பக்கம் பலம். கேட்க வேண்டியது: அந்த இடத்தைக் காடாக அறிவித்த வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், அதனோடு சேர்ந்த வரைபடம், கல் நட்ட அளவையின் குறிப்பு. வர்த்தமானி இல்லாமல் நட்ட கல் என்றால் அது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அஸ்வெசுமவில் எங்கள் பெயர் இல்லை. மாடி வீடு உள்ளவருக்குக் கிடைக்கிறது. அவருடைய விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கலாமா? – வவுனியா வடக்கு

பதில்: அவருடையது கிடைக்காது, குடும்ப விபரம் தனிப்பட்ட தகவல். ஆனால் உங்களுடையதை யாரும் மறுக்க முடியாது. அஸ்வெசும தெரிவு 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுச் செய்யப்படுகிறது. "எனது குடும்பத்தின் கணக்கெடுப்புப் படிவத்தின் பிரதியும், ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பதியப்பட்ட தரவும்" என்று கேளுங்கள். இல்லாத மோட்டார் சைக்கிள், விற்றுவிட்ட உழவு இயந்திரம், பாவனையில் இல்லாத மின்மானி – பிழை பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிடித்தால் மேன்முறையீட்டில் புலம்பல் தேவைப்படாது, திருத்தம் கேட்டால் போதும். மாடி வீட்டுக்காரர் விடயம் வேறு: பெயர்ப்பட்டியல் வெளியிடப்படும்போது ஆட்சேபனை தெரிவிக்கும் காலம் தரப்படுகிறது, அதற்குள் எழுத வேண்டும்.

கேள்வி: சான்றிதழ் ஒன்றுக்குத் "தேத்தண்ணிக் காசு" என்று 5,000 ரூபா கேட்கிறார். கொடுத்துவிட்டு முறையிடலாமா, கொடுக்காமல் முறையிடலாமா? – நானாட்டான்

பதில்: கொடுப்பதற்கு முன். இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். கேட்டதே குற்றம் என்பதால் காசு கைமாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. யார், என்ன பதவி, எந்த அலுவலகம், எந்தச் சேவைக்கு, எவ்வளவு, எப்போது, நேரிலா அல்லது எந்தத் தொலைபேசி இலக்கத்திலிருந்து கேட்டார், கோப்பு இலக்கம் என்ன – இவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள்.

வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்கச் சுற்றிவளைப்புச் செய்வதென்றால் ஆணைக்குழுவின் குழு கொழும்பிலிருந்து வர வேண்டும். ஆகவே நேரம் வாங்குங்கள்: "வெள்ளிக்கிழமை நெல்லுக் காசு வரும், திங்கள் தாறன்" என்று சொன்னால் போதும். பேரம் பேச வேண்டாம், நீங்களாகத் தொகை சொல்ல வேண்டாம். ஒலிப்பதிவு இருந்தால் பதிந்த கைபேசியிலேயே மூலக்கோப்பு இருக்கட்டும். வெட்டித் திருத்தினால் அதன் மதிப்புப் போய்விடும். ஊரில் யாருக்கும் சொல்லாதீர்கள். சின்ன இடத்தில் தகவல் உங்களுக்கு முன்னே அலுவலகத்துக்குப் போய்விடும். தெரிந்தே பொய் முறைப்பாடு கொடுப்பதும் குற்றம், ஆகையால் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள்.

இதே கடிதத்தின் அடியில் ஒரு சகோதரி சேர்த்திருந்ததற்கும் பதில்: வேலை முடித்துத் தருவதற்குப் பாலியல் ரீதியான சலுகை கேட்பதும் 2023 சட்டத்தில் இலஞ்சம் என்றே வருகிறது. அதை "நடத்தைப் பிரச்சினை" என்று அலுவலகத்துக்குள் பேசித் தீர்க்க முற்படுபவர்கள், தெரிந்தோ தெரியாமலோ குற்றத்தை மூடுகிறார்கள். குறுஞ்செய்தி, வட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம். 1954க்கு எடுக்கலாம், ஆலோசனைக்குப் பெண்களுக்கான 1938 இலக்கமும் உண்டு.

கேள்வி: மகன் அரச வேலையில். என் பெயரில் விண்ணப்பம் போட்டால் அவனுக்குப் பிரச்சினை வருமோ என்று பயம். – பூநகரி

பதில்: அந்தப் பயத்தை யாரும் சிரித்துத் தள்ள முடியாது. சங்கத்தின் பெயரில் போடுங்கள். உறுப்பினரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைப் பிரஜைகள் என்றால் ஓர் அமைப்பும் தகவல் கேட்கலாம். பதிவு செய்யப்பட்டிருக்கத் தேவையில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்கார அமைப்பு, மரண உதவிச் சங்கம் எதுவும் சரி. கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அறிக்கைப் புத்தகத்தில் பதிந்து, செயலாளர் பதவிப் பெயரில் அனுப்புங்கள். பக்கத்து ஊர்ச் சங்கம் உங்கள் ஊர் வேலையைப் பற்றிக் கேட்பதற்கும் தடையில்லை. இரண்டு ஊர் மாறி மாறிக் கேட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு.

கேள்வி: பிரதேச சபை உறுப்பினரின் சொத்து விபரம் கேட்டதற்கு "தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தார்கள். – வெங்கலச்செட்டிக்குளம்

பதில்: சபையைக் கேட்டது இடம் தவறியது. சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தல்கள் இப்போது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் போகின்றன. இரகசியமாக வைக்க வேண்டிய பகுதிகளை மறைத்துவிட்டு அதன் இணையத்தளத்தில் வெளியிடுகிறார்கள். அங்கே பாருங்கள்.

கேள்வி: கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்துவிட்டன. அளவு குறைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. முகநூலில் போடலாமா? – கரைதுறைப்பற்று

பதில்: போடலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். போட்ட அன்றே எல்லாரும் உஷாராகி விடுவார்கள், திருத்தக் கூலியாட்கள் வந்து மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டும் போகலாம். அளவீட்டுத் தாளில் உள்ளதையும் நீங்கள் அளந்ததையும் அருகருகே ஒரு தாளில் எழுதி, நாடா வைத்த இடத்தின் படத்தோடு மூன்று பிரதி அனுப்புங்கள்: ஒன்று மாவட்டச் செயலாளருக்கு, ஒன்று கணக்காய்வாளர் நாயகத்துக்கு, காசு திட்டமிட்டே எடுக்கப்பட்டது என்று ஆவணம் காட்டுமானால் ஒன்று இலஞ்ச ஆணைக்குழுவுக்கு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, பிழையான கொடுப்பனவால் ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான உத்தியோகத்தரிடமே அறவிட வழி உண்டு. அதே வேலை பற்றிக் கணக்காய்வு ஏற்கெனவே கேள்வி எழுப்பியிருக்கவும் கூடும். "இந்த வேலை தொடர்பான கணக்காய்வு வினாக்களும் அவற்றுக்கு அலுவலகம் கொடுத்த பதில்களும்" என்று இன்னொரு விண்ணப்பம் போடுவது பலன் தரும்.

பிறகு முகநூல். ஆவணத்தைப் போடுங்கள், அளவைப் போடுங்கள், வீதியின் படத்தைப் போடுங்கள். "கள்ளன்" என்ற சொல்லையும் ஆளின் படத்தையும் விட்டுவிடுங்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மறுபக்கம் இருக்கின்றன. அடுத்த வேலைக்கு ஒன்று: ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டத்தையும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. மதிப்பீட்டைக் கல் வந்து இறங்க முன்னரே கேட்டு வாங்குங்கள். ஈரக் கொங்கிரீட்டுக்குள் ஒரு கம்பியைக் குத்தித் தடிப்பைப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் எழுத்தில் தேவைப்படாது.